தண்ணீர்ச் சோதனை ‘நன்று’ என்கிறது. கழிமுகத்தில் மீன் வகை ஏன் குறைகிறது?

இராமநாதபுரம் மாவட்டம் தேவிபட்டினம் பக்கத்து மீனவக் குடும்பத்துக் கல்லூரி மாணவர் ஒருவர் கேட்ட கேள்வி இது. அவர்கள் ஊர் ஓடை கடலில் சேரும் இடத்தில் தண்ணீர் எடுத்துச் சோதித்திருக்கிறார்கள். பிஹெச் (அமில, காரத் தன்மையின் அளவு) 8.2, கரைந்த ஆக்சிஜன் லிட்டருக்கு 6 மில்லிகிராம். இரண்டும் வரம்புக்குள் இருந்ததால் ‘நீரின் தரம் நன்று’ என்று அறிக்கை எழுதியாயிற்று. ஆனால் அவருடைய அப்பா வேறு சொல்கிறார். முன்பெல்லாம் அதே இடத்தில் வீச்சு வலை போட்டால் கொடுவா, மடவை, ஊடகம், கிழங்கான், ஓரா, காரல், வெள்ளை இறால் என்று கலந்து விழுமாம். இப்போது ஜிலேபியும் உளுவையும், கொஞ்சம் மடவையும்தான். சோதனை தப்பா, அப்பா சொல்வது தப்பா?

இரண்டுமே சரியாக இருக்கலாம். நீங்கள் அளந்தது ஒரு நாளில் ஒரு வேளையில் ஓர் இடத்துத் தண்ணீரை. மீனுக்கு அது போதாது. வருஷத்தின் மிக மோசமான வாரத்தையும் அந்த வாரத்தின் மிக மோசமான விடியற்காலையையும் தாண்டி உயிரோடு இருந்தால்தான் அது உங்கள் அப்பா வலையில் விழும். இன்னொரு விஷயம், நீங்கள் ஒப்பிட்டுப் பார்த்த வரம்புகள். கடலோர நீருக்கு மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் வைத்திருக்கும் வகைப்பாட்டில் முதல் வகுப்புக்கு பிஹெச் 6.5 முதல் 8.5 வரை, ஆக்சிஜன் 5 மில்லிகிராம் அல்லது 60 சதவீதச் செறிவு, எது அதிகமோ அது என்று இருக்கிறது. மிதக்கும் பொருள், எண்ணெய், கன உலோகம் எல்லாவற்றுக்கும் வரி உண்டு. உப்புத்தன்மைக்கு வரி இல்லை. மாசைக் கண்டுபிடிக்க எழுதப்பட்ட பட்டியல் அது, அதனால் குறை சொல்ல முடியாது. ஆனால் இராமநாதபுரம் கடற்கரையில் மீனின் தலையெழுத்தை முதலில் எழுதுவது உப்புதான். அதை அளக்காமல் இங்கே ‘நன்று’ என்று எழுதுவது அவசரம்.

பாடப் புத்தகத்துக் கழிமுகம் எப்படி இருக்கும்? ஆற்றுப் பக்கம் நன்னீர், கடல் பக்கம் உப்பு நீர், நடுவில் கலவை. கொள்ளிடத்துக்கும் பரங்கிப்பேட்டை வெள்ளாற்றுக்கும் இது ஓரளவு பொருந்தும். நம் மாவட்டத்துக்கு வருஷத்தில் இரண்டு மூன்று மாதம்தான் பொருந்தும். வைகையைப் பாருங்கள். 258 கிலோமீட்டர் ஓடி வருகிற ஆறு. வழியெல்லாம் அணைக்கும் கால்வாய்க்கும் கண்மாய்க்கும் கொடுத்துவிட்டு, மிச்சம் இருந்தால் இராமநாதபுரம் பெரிய கண்மாயில் வந்து நிற்கிறது. அது நிறைந்து மறுகால் பாய்ந்தால்தான் ஆற்றங்கரை என்ற ஊர் வழியாக வடகடலுக்கு, அதாவது பாக் விரிகுடாவுக்குத் தண்ணீர். நல்ல மழை வருஷத்தில் அது நடக்கும், மற்ற வருஷங்களில் நடக்காது. அந்த முகத்துவாரத்தை ஒட்டிய அழகன்குளத்தில்தான் அகழாய்வில் ரோமானியப் பானை ஓடுகள் கிடைத்தன. மரக்கலம் வந்து போன துறை. அன்றைய வைகை இன்றைய வைகைபோல் இருந்திருந்தால் அங்கே யாரும் வணிகம் செய்ய வந்திருக்க மாட்டார்கள் என்பது என் எண்ணம். குண்டாறும் அப்படித்தான். கண்மாய் கண்மாயாக நிரப்பிக்கொண்டு வந்து, மூக்கையூர்ப் பக்கம் தென்கடலை, அதாவது மன்னார் வளைகுடாவைத் தொடுவது வெள்ளக் காலத்தில் மட்டும்.

இதற்கு ஆற்றை மட்டும் சொல்லிப் பயனில்லை, வானமும் அப்படித்தான். மாவட்டத்தில் வருஷத்துக்கு ஏறக்குறைய 800 மில்லிமீட்டர் மழை. அதில் பாதிக்கு மேல் ஐப்பசி, கார்த்திகையை ஒட்டிய வடகிழக்குப் பருவத்தில் கொட்டிவிடுகிறது. வெயிலும் காற்றும் திறந்த நீர்ப்பரப்பிலிருந்து எடுத்துக்கொண்டு போவது அந்த மழையைவிட மிக அதிகம். வாலிநோக்கத்திலும் திருப்புல்லாணிப் பக்கமும் உப்பளம் நடப்பது இதனால்தான். உப்பளத்துக்கு லாபமான அதே கணக்கு, ஓடைக்கு நஷ்டம்.

ஒரு சின்னக் கணக்கு போட்டுப் பாருங்கள். உங்கள் ஓடையின் ஆழம் 60 சென்டிமீட்டர் என்று வைத்துக்கொள்வோம். உப்பு கடல் அளவு, அதாவது ஆயிரம் பங்கில் 35 பங்கு. கோடையில் நாளைக்கு 6 மில்லிமீட்டர் ஆவியானால் 50 நாளில் 30 சென்டிமீட்டர் போய்விடும். முகத்துவாரம் மணலால் அடைபட்டு, வெளியிலிருந்து ஒரு சொட்டும் வரவில்லை என்றால் உப்பு 35-லிருந்து 70 ஆகிவிடும், குழம்பு வற்றினால் உப்புக் கரிப்பதுபோல. முகத்துவாரம் கொஞ்சம் திறந்திருந்து, ஆவியாகிப் போன அளவுக்குக் கடல்நீர் உள்ளே வந்து மட்டத்தைச் சரிக்கட்டினாலும் தப்ப முடியாது. வருகிற தண்ணீரும் உப்போடுதான் வருகிறது. அப்போதும் கணக்கு 52-க்கு மேல் போகிறது. வற்றத்தில் பழைய தண்ணீர் வெளியேறி, ஏற்றத்தில் புதுத் தண்ணீர் வந்து, நன்றாக அலசிவிட்டால்தான் 35-ஐ ஒட்டி நிற்கும். ஆனால் பாக் விரிகுடாப் பக்கம் ஓத வித்தியாசம், அதாவது ஏற்றத்துக்கும் வற்றத்துக்கும் இடையே கடல்மட்டம் மாறும் உயரம், ஒரு மீட்டருக்கும் குறைவு. அமாவாசை, பௌர்ணமியை ஒட்டிச் சில நாள் கொஞ்சம் அலசும். அட்டமி, நவமியில் தண்ணீர் அசைவதே தெரியாது.

இதனால் இங்கே கழிமுகம் தலைகீழாகிவிடுகிறது. கடலிலிருந்து உள்ளே போகப் போக உப்புக் குறைய வேண்டியதற்குப் பதில் கூடுகிறது. கார்த்திகையில் முழங்கால் தண்ணீரில் 5, 10 என்று இருந்த இடம், மாசி, பங்குனியில் கடல் அளவுக்கு வந்து, ஆனி, ஆடியில் 45, 50 என்று ஏறுவது இங்கே அதிசயமில்லை. மேல்கோடி ஓடைகளில் அதற்கும் மேலே போகலாம். வருஷத்தில் ஒரே இடம் மூன்று வேறு நீர்நிலையாக மாறுகிறது. உங்கள் மாதிரி எந்த மாதம் எடுத்தது என்று கேள்வியில் இல்லை. மார்கழியில் எடுத்திருந்தால் அது மார்கழிக்கான பதில் மட்டும்தான்.

சரி, உப்பு ஏறினால் மீனுக்கு என்ன? எலும்புள்ள கடல்மீனின் இரத்தத்தில் இருக்கும் உப்புச் செறிவு கடல்நீரில் இருப்பதில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்குதான். அதனால் உடம்பிலிருந்து தண்ணீர் எந்நேரமும் வெளியே கசிந்துகொண்டே இருக்கும். ஈடுகட்ட மீன் கடல்நீரைக் குடிக்கிறது. கூட வந்த உப்பைச் செவுளில் இருக்கும் தனி செல்கள் வழியாக வெளியே தள்ளுகிறது. தள்ளுவதற்குச் சக்தி வேண்டும். வெளியே உப்பு 35-ஆக இருக்கையில் சமாளிப்பதற்கும் 55-ஆக இருக்கையில் சமாளிப்பதற்கும் செலவு வேறு. வளர்ச்சிக்கும் முட்டைக்கும் போக வேண்டிய சக்தி உப்பைத் தள்ளுவதில் போய்விடும். பெரிய மீன் நீந்திக் கடலுக்குத் திரும்பிவிடும். விரல் நீளக் குஞ்சால் அது முடியாது. அதிலும் முகத்துவாரம் அடைந்திருந்தால் பெரியதும் சேர்ந்து மாட்டிக்கொள்ளும்.

எல்லா மீனும் ஒன்றுபோல் கஷ்டப்படுவதில்லை. பால் மீனும் மடவையும் மிகப் பரந்த உப்பு வரம்பைத் தாங்கும். ஜிலேபி அவற்றையும் மிஞ்சும். மொசாம்பிக் திலேப்பியா என்பது அதன் பொதுப்பெயர். இந்தியாவுக்குள் 1952-ல் கொண்டுவரப்பட்டது. அதன் சொந்த மண் தென்கிழக்கு ஆப்பிரிக்கா. தென்னாப்பிரிக்காவின் செயின்ட் லூசியா ஏரிக் கழிமுகத்தில் வறட்சியும் அடைபட்ட வாயும் சேர்ந்து உப்பைக் கடலைவிடப் பல மடங்கு ஏற்றிய காலங்களில் கடைசிவரை நின்றவற்றில் இதுவும் ஒன்று. செனகல் நாட்டின் கசமான்ஸ் ஆற்றிலும் நம்முடையதைப் போன்ற தலைகீழ் உப்புதான். அங்கே மேல்பகுதியில் மிஞ்சியதும் ஒரு திலேப்பியா வகையே. ஆகவே உங்கள் அப்பாவின் வலையில் நடந்திருப்பது இந்த ஓடையின் தனிக்கதை இல்லை. உப்பேறிய கழிமுகங்களில் உலகம் முழுக்க நடப்பதுதான்.

ஆனால் உப்பைத் தாங்குவது மட்டும் ஜிலேபியின் ரகசியம் இல்லை. இந்த இடத்தை நிதானமாகப் பாருங்கள், உங்கள் கேள்விக்குப் பதில் பெரும்பாலும் இங்கேதான் இருக்கிறது. ஜிலேபி முட்டையிடக் கடலுக்குப் போக வேண்டியதில்லை. பெட்டை முட்டையை வாயிலேயே வைத்துப் பொரிக்கிறது. உளுவைகளில் பலவும் உள்ளேயே முட்டை ஒட்டிக் காக்கும். கொடுவாவின் கதை வேறு. அது கடலோரத்து உப்பு நீரில் முட்டையிடும், குஞ்சு கழிமுகத்துக்குள் வந்து வளரும். முதலில் ஆணாக முதிர்ந்து, சில வருஷம் கழித்துப் பெட்டையாக மாறி, மறுபடி கடலுக்குப் போய் முட்டையிட வேண்டும். மடவை கடலில் முட்டையிட்டு, குஞ்சுகள் கூட்டமாக ஓடைக்குள் ஏறும். பால் மீனும் அப்படியே. மண்டபம், பாம்பன் பக்கத்து ஓடைகளில் கோடையில் பால் மீன் குஞ்சு பிடித்து வளர்த்துப் பார்த்த பழைய அனுபவம் நம் கரைக்கு உண்டு, பிள்ளைமடத்தில் அதற்கென்றே பண்ணை இருந்தது. வெள்ளை இறாலும் கடலில் பிறந்து கழியில் வளர்வது. களிநண்டின் பெட்டை முட்டை விடக் கடலுக்கு இறங்கும். காரல், ஊடகம், கிழங்கான் எல்லாம் கடலுக்கும் கழிக்கும் போக வர இருப்பவை.

அப்பா சொன்ன இரண்டு பட்டியலையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். காணாமல்போனவை எல்லாம் வாழ்க்கையில் ஒரு தடவையாவது முகத்துவாரத்தைக் கடந்தாக வேண்டியவை. பெருகியவை கடக்கத் தேவையில்லாதவை. மடவை மட்டும் இடையில் நிற்கிறது. திறந்திருந்த கொஞ்ச நாளில் உள்ளே ஏறிவிட்டால் பிறகு ஏறுகிற உப்பிலும் வெகுவாகத் தாக்குப்பிடிக்கும் என்பதால் அது இன்னும் கொஞ்சம் விழுகிறது. உங்கள் ஓடைவாய் வருஷத்தில் எத்தனை மாதம் திறந்திருக்கிறது, திறந்திருக்கும் மாதமும் குஞ்சு வரும் மாதமும் ஒத்துப்போகிறதா என்பதை நான் முதல் சந்தேகமாக வைப்பேன். முன்பு ஐப்பசி, கார்த்திகை வெள்ளம் மணல் திட்டை உடைத்து வாயைத் திறந்துவிடும். வெள்ளம் வராத வருஷம் திட்டு உடையாது. கரையோரமாக அலை இழுத்து வரும் மணல் அதை இன்னும் உயர்த்தும். ஆற்று நீர் வராததன் பாதிப்பு இப்படி இரண்டாகிறது: ஒன்று உப்பைக் கரைக்கத் தண்ணீர் இல்லை, மற்றொன்று கதவைத் திறக்க ஆள் இல்லை. மூன்றாவது ஒன்றும் உண்டு. மழைநீர் கடலில் கலக்கும்போது வரும் கலங்கலும் உப்புக் குறைவும் மண்வாசமும்தான் குஞ்சுகளுக்குக் கழிமுகத்தின் வழியைக் காட்டுவதாகக் கருதப்படுகிறது. தண்ணீரே வராவிட்டால் வழி தெரிவதும் குறையும்.

அடுத்தது ஆக்சிஜன். உங்கள் 6 மில்லிகிராம் நல்ல எண்தான். எத்தனை மணிக்கு எடுத்தீர்கள்? பத்து, பதினோரு மணி என்றால் அந்த எண்ணை வைத்து எதையும் முடிவு செய்ய வேண்டாம். பாசியும் கடல்தாழையும் வெயிலில் ஆக்சிஜன் விடும். இரவில் அவையும் சேர்ந்து மூச்சுவிடும், சேற்றில் இருக்கும் நுண்ணுயிர்கள் ராத்திரி பகல் பார்ப்பதில்லை. பாசி கூடிய ஓடையில் பிற்பகல் 8, 9 என்று காட்டும் அதே இடம் விடியற்காலை நாலரை, ஐந்து மணிக்கு 2-க்குக் கீழே கிடக்கலாம். மீன் சாவது அந்த நேரத்தில்தான். மடவை கூட்டமாக மேலே வந்து வாயைத் திறந்து திறந்து மூடுவதை உங்கள் ஊரில் விடியலில் வலைக்குப் போகிறவர்கள் பார்த்திருப்பார்கள். அவர்களைக் கேளுங்கள், எந்த மாதம் என்று சரியாகச் சொல்வார்கள்.

உப்பும் சூடும் இதில் மறுபடி தலையிடுகின்றன. 30 டிகிரி வெப்பத்தில் நன்னீர் லிட்டருக்கு ஏறக்குறைய 7.6 மில்லிகிராம் ஆக்சிஜன் வைத்திருக்கும். கடல்நீர் 6.2. உப்பு 50-ஐத் தொட்டால் 5.7 அளவுதான். தண்ணீர் எவ்வளவு சுத்தமாக இருந்தாலும் இயல்பாகக் கரைந்து நிற்கக்கூடியதே அவ்வளவு. உப்பைத் தள்ள மீனுக்கு அதிக மூச்சு தேவைப்படும் நேரத்தில்தான் தண்ணீரில் மூச்சு குறைவாக இருக்கிறது. உப்பையும் ஆக்சிஜனையும் தனித்தனி வரியாகப் பார்த்தால் இது தெரியாது.

ஆக்சிஜன் குறைந்து மீன் சாவதைப் பெரிய அளவில் பார்க்க வேண்டும் என்றால் தென்கடலில் 2019 செப்டம்பரை நினைத்துப் பார்க்கலாம். பாம்பன், மண்டபம் பக்கம் கடலே பச்சையாகி, கரையெல்லாம் செத்த மீன் ஒதுங்கியது. ‘பூங்கோரை’ என்று நம் கரையில் சொல்வது, நாக்டிலூக்கா என்ற ஒற்றைச் செல் உயிரி கோடிக்கணக்கில் பெருகுவது. 2008 அக்டோபரிலும் வந்தது. இரவில் அலை நீலமாக மினுங்குவதும் இதே உயிரியால்தான். அது கடலில் நடந்த விஷயம், ஓடைக்கு நேரடித் தொடர்பு இல்லை. ஆனால் செத்த மீனைக் கண்டதும் ‘யாரோ விஷம் கலந்துவிட்டார்கள்’ என்று முடிவுகட்டும் பழக்கத்துக்கு இது நல்ல மறுப்பு.

அப்படியானால் மாசு என்பது ஒன்றுமே இல்லையா? இருக்கிறது. இறால் பண்ணையில் அறுவடைக்குக் குளத்தை வடிக்கும்போது கடைசியில் வரும் கால்பங்குத் தண்ணீரில்தான் தீவன மிச்சமும் கழிவும் சேறும் அதிகம். அதை ஒரே ராத்திரியில் ஓடையில் விட்டால் அம்மோனியா ஏறும். 1996-ல் உச்ச நீதிமன்றம் கடலோர இறால் பண்ணைகள் பற்றித் தீர்ப்பு சொன்ன பிறகு, 2005-ல் தனிச் சட்டமும் ஆணையமும் வந்து, பெரிய பண்ணைகள் கழிவுநீரைத் தேக்கித் தெளியவைத்து விடவேண்டும் என்பது விதி. எல்லாரும் மீறுகிறார்கள் என்று சொல்ல மாட்டேன், நல்ல பண்ணைக்காரர்கள் தங்கள் குளத்து நோய்க்குப் பயந்தே ஒழுங்காக இருப்பார்கள். அம்மோனியாவில் கவனிக்க வேண்டியது பிஹெச். 8-லிருந்து 9-க்கு ஏறினால் அம்மோனியாவின் நச்சு வடிவத்தின் பங்கு ஐந்தாறு மடங்காகும். பாசி நிறைந்த தண்ணீரில் பிற்பகல் பிஹெச் ஏறுவது சகஜம். ஊர்ச் சாக்கடை, ஐஸ் கம்பெனி, மீன் கழுவிய தண்ணீர் எல்லாம் சத்துப்பொருளைக் கூட்டும், விடியற்காலை ஆக்சிஜனை இன்னும் இழுக்கும். கன உலோகம் பற்றி உங்கள் வகுப்பில் ஆர்வம் அதிகம் இருக்கும் என்று தெரியும். ஆலை எதுவும் இல்லாத சின்ன ஓடையில் அதற்காகப் பணம் செலவழிக்காதீர்கள். அந்தக் காசில் ஒரு வருஷத்துக்கு உப்பை அளக்கலாம்.

இனி மீன் பக்கம். ‘வகை குறைந்துவிட்டது’ என்பதை எப்படிக் காட்டுவீர்கள்? மொத்தம் எத்தனை இனம் என்று எண்ணினால் போதாது. இரண்டு வலையை எடுத்துக்கொள்ளுங்கள், இரண்டிலும் 100 மீன், இரண்டிலும் 10 இனம். முதல் வலையில் ஒவ்வொன்றிலும் பத்து. இரண்டாவதில் ஜிலேபி 91, மற்ற ஒன்பதும் ஒவ்வொன்று. இனத்தின் எண்ணிக்கை சமம்தான், ஆனால் இரண்டும் ஒரே ஓடை இல்லை என்று மீன் தெரிந்த எவருக்கும் புரியும். ஷானன் குறியீடு என்ற கணக்கு இதைத்தான் எண்ணாக்குகிறது. ஒவ்வோர் இனத்தின் பங்கையும் அதன் இயல் மடக்கையால் பெருக்கி, கூட்டி, குறியை மாற்றினால் முதல் வலைக்கு 2.30 வரும், இரண்டாவதற்கு 0.50. அறிக்கையில் இந்த எண்ணைப் போடுங்கள், ஆனால் அதோடு நிறுத்தாதீர்கள். எந்த இனம் போயிற்று, எது வந்தது என்ற பெயர்ப் பட்டியல்தான் உண்மையில் பேசும். காரலும் ஊடகமும் போய் ஜிலேபியும் இன்னொரு அயல்மீனும் வந்தாலும் குறியீடு மாறாமல் நிற்கலாம்.

பிடிக்கும் முறையிலும் ஏமாற வாய்ப்பு உண்டு. வீச்சு வலை ஆழமில்லாத, தடையில்லாத இடத்து மீனைத்தான் பிடிக்கும். கண்டல் (அலையாத்தி) மர வேருக்குள் இருக்கும் விலாங்கும் கெளிறும் அதில் வராது. தங்கூசி வலையின் (மெல்லிய நைலான் இழை வலையின்) கண்ணளவு எதுவோ அந்த அளவு மீன் மட்டும் மாட்டும். பகலில் பிடித்த பட்டியலும் இரவில் பிடித்த பட்டியலும் ஒத்துப்போகாது. ஏலத்துக்கு வரும் மீனை எண்ணினால் விலைபோகும் மீனைத்தான் எண்ணுகிறீர்கள். வலையிலிருந்து உதறிக் கரையில் போடும் சின்ன மீன் கணக்கில் வராது, ஓடையின் நிலையை அதுதான் அதிகம் சொல்லும். அப்பாவின் நினைவையும் கொஞ்சம் பிரித்துக் கேளுங்கள். அப்போது எந்த வலை, என்ன கண்ணளவு, எந்த மாதம், எத்தனை பேர் அதே ஓடையில் வலை போட்டார்கள்? குஞ்சு மீனை அள்ளும் சிறுகண் வலை பெருகியிருந்தால் அதுவும் ஒரு காரணம், அதற்குத் தண்ணீர்ச் சோதனையில் பதில் கிடைக்காது.

நீங்கள் மறுபடி செய்வதாக இருந்தால் நான் இப்படிச் செய்யச் சொல்வேன். ஓடைவாயிலிருந்து மேலே போகும் வழியில் மூன்று இடம்: வாய், நடு, மேல்கோடி. மாதம் இரண்டு தடவை, ஒன்று அமாவாசை அல்லது பௌர்ணமியை ஒட்டி, மற்றது அட்டமி, நவமியை ஒட்டி. ஒவ்வொரு தடவையும் விடியலுக்கு முன்பும் பிற்பகலிலும் ஆக்சிஜன், வெப்பம், பிஹெச். உப்புக்கு ரிஃப்ராக்டோமீட்டர் போதும், ஒரு சொட்டு வைத்துக் கண்ணால் பார்ப்பதுதான். பக்கத்து இறால் பண்ணையில் கேட்டால் அதுவும் ஆக்சிஜன் மீட்டரும் இரவல் கிடைக்கும். மழைக்காலத்தில் மேல்தண்ணீரையும் அடித்தண்ணீரையும் தனித்தனியாக எடுங்கள். நன்னீர் மேலே மிதந்து உப்பு நீர் அடியில் கிடக்கும், ஒன்றை மட்டும் எடுத்தால் ஏமாந்துபோவீர்கள். கலங்கலுக்குக் கறுப்பு வெள்ளை அடித்த தட்டு ஒன்றைக் கயிற்றில் கட்டி இறக்கி, எந்த ஆழத்தில் மறைகிறது என்று குறித்தால் போதும். எல்லாவற்றையும்விட முக்கியமாக ஒரு நோட்டுப் புத்தகத்தில் தினமும் ஒரே வரி: வாய் திறந்திருக்கிறதா, அடைந்திருக்கிறதா. இதற்கு எந்தக் கருவியும் வேண்டாம், வீட்டில் யாராவது கடலுக்குப் போகும்போது பார்த்துச் சொன்னால் போதும். மீனுக்கு ஒரே வலை, ஒரே ஆள், ஒரே எண்ணிக்கை வீச்சு என்று வைத்துக்கொண்டு, விழுந்த எல்லாவற்றையும், உதறிப் போடுவதையும் சேர்த்து, பெயரும் நீளமும் எழுதுங்கள். இனம் தெரியாததைப் படம் எடுத்து, ஒன்றை ஐஸில் வைத்து, மண்டபத்தில் இருக்கும் மத்தியக் கடல் மீன்வள ஆராய்ச்சி நிலையத்தின் மையத்தில் கேட்கலாம். அந்த நிலையம் 1947-ல் தொடங்கியது, தலைமையகம் பல வருஷம் மண்டபத்தில்தான் இருந்தது, பிறகு கொச்சிக்குப் போனது.

ஒரு வருஷம் கழித்து உப்பு வரைபடத்தையும் ஓடைவாய் நோட்டையும் மீன் பட்டியலையும் ஒன்றன்கீழ் ஒன்றாக வைத்துப் பாருங்கள். வாய் திறந்த சில வாரத்தில் கடல் இனங்களின் குஞ்சு வந்து, அடைந்து உப்பு ஏற ஏற ஒவ்வொன்றாக மறைந்தால் நான் சொன்னது உங்கள் ஓடைக்கும் பொருந்தும். வாய் திறந்தே இருந்து, உப்பும் 40-ஐத் தாண்டாமல், ஆனாலும் மீன் வரவில்லை என்றால் விடியற்காலை ஆக்சிஜனையும் அம்மோனியாவையும் சந்தேகப்படுங்கள். இரண்டும் சரியாக இருந்தால் வலையைப் பாருங்கள்.

சரிசெய்வது பற்றியும் கேட்பீர்கள், அதனால் சொல்லிவிடுகிறேன். கண்டல் நடுவதுதான் எல்லோருக்கும் முதலில் தோன்றும். படம் எடுக்கவும் நன்றாக இருக்கும். காரங்காட்டில் இருப்பதுபோன்ற நல்ல கண்டல் காடு மீன் குஞ்சுக்கு அடைக்கலம் என்பதில் சந்தேகமில்லை. ஆனால் ஓதநீர் போய்வராத இடத்தில் நட்ட கன்று உப்பேறிக் காய்ந்துவிடும். திறந்த சேற்றுவெளியில் நெருக்கமாக நட்டால் மடவையும் நண்டும் பறவையும் மேயும் இடம்தான் போகும். பிச்சாவரம், முத்துப்பேட்டையில் அழிந்த கண்டல் மீண்டும் வந்தது மீன்முள் வடிவில் வாய்க்கால் வெட்டி ஓதநீரை உள்ளே விட்ட பிறகுதான். கொடுவாக் குஞ்சை வாங்கி ஓடையில் விடுவதும் அப்படியே. வாய் அடைந்த ஓடையில் விட்டால் வளரலாம், திரும்பிப் போய் முட்டையிட முடியாது. நான் முதலில் கேட்பது, வாய் திறக்க வேண்டிய நேரத்தில் திட்டை வெட்டுவது. ஊரார் மண்வெட்டியோடு போய் வெட்டிய வழக்கம் பல கடற்கரைகளில் உண்டு. வெட்டுகிற நாள் முக்கியம். மழைநீர் உள்ளே உயர்ந்து நிற்கும்போது, வற்றம் தொடங்கும் வேளையில் வெட்டினால் தண்ணீரே மீதியை அறுத்துக்கொண்டு போகும். உள்ளே தண்ணீர் இல்லாத கோடையில் பொக்லைன் வைத்து வெட்டினால் இரண்டு வாரத்தில் மணல் மூடிவிடும், காசுதான் வீண்.

கண்மாய் மறுகால் வாய்க்கால்களில் சீமைக்கருவேலம் அடைத்துக் கிடந்தால் அதையும் பாருங்கள். கண்மாய் நிறைந்த வருஷத்தில்கூடத் தண்ணீர் கடல்வரை வராமல் வயலில் பரவி நிற்பது சில ஊர்களில் அதனால்தான். ‘கடலில் வீணாய்ப் போகும் தண்ணீர்’ என்று பேசுகிறவர்களிடம் கழிமுகத்துக்காகத் தண்ணீர் கேட்பது கஷ்டம். விவசாயியிடமிருந்து பிடுங்கச் சொல்லவில்லை. மறுகால் பாயும் வருஷத்தில் அது தடையில்லாமல் ஓடைவரை வந்து சேர வழி இருந்தால் போதும். உங்கள் ஓடைக்கு மேலே எந்தக் கண்மாயின் மறுகால் வர வேண்டும், அது இப்போது எங்கே நிற்கிறது என்று கிராம வரைபடத்தை வைத்துக்கொண்டு ஒருநாள் நடந்து பாருங்கள். ஐப்பசிக்கு முன்பு நடந்துவிட்டால் இந்த மழைக்கே நோட்டைத் தொடங்கிவிடலாம்.